அம்மனுக்கு அக்கா இல்லை

என் மாமா மனந்திரும்பிய செய்தியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் மீன்காரர். வாசல் படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, மணலை மீனைத் தராசில் போட்டுக்கொண்டே, மாமா ஞாயிற்றுக்கிழமை ஜெபசபையில் எழும்பி நின்று சாட்சி சொன்னாராம், அழுத அழுகையில் மைக்கே நனைந்துவிட்டதாம் என்றார். அம்மா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். இது நேற்றைய மீன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று எங்கள் வீட்டில் மரக்கறிதான்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. எங்கள் கோயிலில் பல வருஷம் தெய்வம் ஆடியவர். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் ஊரில் மாரியம்மன் கோயிலுக்கு வருஷத்தில் ஒரு தடவைதான் கதவு திறந்து சடங்கு நடக்கும். அந்த நாட்களில் அம்மன் ஆட்களின் மேல் வரும், ஆடும், வாக்குச் சொல்லும். மற்ற நாட்களில் மாமாவின் சொல்லை அவர் வீட்டு நாய்கூடக் கேட்காது. சடங்கு நாளில் ஊரே கைகட்டி நின்று கேட்கும். அந்த ருசி ஒரு மனிதனை என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆடுகிற தெய்வத்துக்கு என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது யாரையும் முறை சொல்லிக் கூப்பிடாது. எல்லாரும் அதற்குப் பிள்ளைதான். பல்லுப் போன கிழவரும் பிள்ளை, சடங்கை நடத்துகிற கட்டாடியாரும் பிள்ளை, ஆடுகிறவரைப் பெற்ற தாய் எதிரில் வந்து நின்றாலும் பிள்ளை. தெய்வத்துக்கு அண்ணன், தம்பி, மாமன், மச்சான் கிடையாது. இது எங்கள் ஊரில் பால்குடி மறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

என் அப்பா காணாமல் போனது பிரச்சினைக் காலத்தில், யுத்தம் நடந்தபோது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், எங்களுக்கு ஒரு துண்டு வயல் இருந்தது. வட்டையில் சூடடிப்பு, நெல் அடிக்க வேண்டும் என்று தோணி ஏறிப் போனவர் திரும்பவில்லை. யார் பிடித்தது என்று இன்றைக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் பிடிப்பதற்கு ஆட்களுக்குக் குறைவிருக்கவில்லை. அம்மா அப்பாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து எடுத்துக்கொண்டு, பிடித்த ஆட்களை வைத்திருக்கிற ஒவ்வொரு காம்ப் வாசலாகப் போனார். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, கையில் படம். துணைக்கு ஓர் ஆண் வேண்டுமே என்று தம்பியைக் கூட்டிப் போனார். இளந்தாரி ஒருவன் காம்ப் வாசலுக்குப் போவது அப்போது விளையாட்டில்லை. படம் காட்டப் போனவனே படமாகிப் போன கதைகள் ஊரில் இருந்தன. மாமா முதலில் தூரத்து மரத்தடியில் நின்றார். பிறகு காய்ச்சல் என்றார். பிறகு ஆளையே காணவில்லை. அம்மா அவர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று கூப்பிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். என் தாய் அப்படிப்பட்டவர். இரக்கம் பார்க்கத் தெரியாதவர்.

அந்த வருஷச் சடங்கில், மத்தியானப் பூசை நேரம், மாமாவின் மேல் அம்மன் வந்தது. சிவப்புச் சீலை கட்டி, வேப்பங்குழை கையில் எடுத்து, உடுக்குச் சத்தத்துக்கு ஆடி, சனத்தைப் பிளந்துகொண்டு நேராக எங்களிடம் வந்தார். நான் அம்மாவின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மஞ்சளும் வியர்வையும் கலந்த மணம் அடித்தது. அவர் அம்மாவின் நெற்றிக்கு நேரே கையை நீட்டிச் சொன்னார்:

"அக்கா, அத்தான் இனி வரமாட்டார். பொட்ட அழி."

சனம் ஓவென்று அழுதது. பெண்கள் அம்மாவைப் பிடித்து இருத்தினார்கள். யாரோ ஒருத்தி ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்தாள். வளையல்களைக் கல்லில் வைத்து உடைத்தார்கள். தாலியைக் கழற்றி அம்மன் முன்னால் வைத்தார்கள். அம்மா கத்தவில்லை, கையைக்கூட இழுத்துக்கொள்ளவில்லை. கோழி உரிக்கிறபோது இருக்கிற சுறுசுறுப்புத்தான் அந்தப் பெண்களிடம் இருந்தது. ஒரு வேலையை நல்லபடி முடித்துவிட்டு எல்லாரும் அன்னதானத்துக்குப் போனார்கள்.

எனக்கு வேறொன்று உறுத்தியது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன், "அம்மன் ஏன் உங்கள அக்கா எண்டது?" என்று. பளார் என்று கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அதற்கு முன் அம்மா என்னை அடித்ததில்லை. சாமியைப் பழித்ததற்குக் கிடைத்த தண்டனை என்று எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். உடுக்குச் சத்தத்தில் அந்த ஒரு சொல் என்னைத் தவிர வேறு யாருக்கும் கேட்டிருக்காது என்றும் நினைத்துக்கொண்டேன்.

அதோடு அம்மா தேடுவதை விட்டார். உடம்பில்லாமல் அப்பாவுக்கு அந்தியேட்டி செய்தோம். படத்தைச் சட்டம் போட்டு மாலை சாத்தினோம். வெள்ளைச் சீலையோடு அம்மா வயலையும் பார்த்து, என்னையும் படிப்பித்து, வந்தாறுமூலையில் பல்கலைக்கழக நூலகத்தில் எனக்கு ஒரு வேலை கிடைக்கும்வரை கொண்டுவந்து சேர்த்தார். என் கலியாணத்தில் ஒரு தாய் செய்ய வேண்டியதையெல்லாம் மாமாவின் மனைவி பட்டுச் சீலை சரசரக்கச் செய்தார். பெற்றவள் அடுப்படியில் நின்று சோற்றுக் கிடாரத்துக்கு நெருப்புத் தள்ளினாள். அன்று எனக்குத் தாலி ஏறியதை அம்மா பார்க்கவில்லை, மேளச் சத்தத்தில் கேட்டதோடு சரி.

மாமாவின் பிற்காலம் குடியில் போனது. சீனி வருத்தம் வந்து கால்விரல் ஒன்றை வெட்டினார்கள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் ஒருவர் அவரை ஜெபசபைக்குக் கூட்டிப் போனார். அங்கே குடியை விட்டார், மனைவிக்கு அடிப்பதையும் விட்டார். அந்தச் சபையை நான் குறை சொல்லமாட்டேன். இத்தனை வருஷம் அவருக்குள் வந்து போன அம்மனே செய்யாத காரியம் அது. ஆனால் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிறவர்களிடம் ஒரு குணம் இருக்கிறது. தாங்கள் கும்பிடுவதை எல்லாரும் வந்து பார்க்க வேண்டும் அவர்களுக்கு.

மீன்காரர் வந்து போன அந்தக் கிழமையே மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தோல் உறை போட்ட வேதாகமம், நொண்டின நடை. அம்மா கதிரையைக் காட்டினார். மாமா உட்காராமல் நின்றபடியே, சபையில் சொல்லிப் பழகிய குரலில் தொடங்கினார். தான் பாவி என்றார். சின்ன வயதிலிருந்தே பிசாசு தன் உடம்பை வீடாக்கிக் கொண்டிருந்தது என்றார். அன்றைக்குச் சடங்கில் அக்காவுக்கு அந்த வாக்கைச் சொன்னது அம்மனும் இல்லை தானும் இல்லை, தன் வாயால் பேசிய பிசாசு என்றார். இப்போது தான் கழுவப்பட்டுவிட்டதாகவும், அக்காவும் தன்னை மன்னித்தால் மனம் முழுதாக இலேசாகிவிடும் என்றும் சொன்னார்.

அம்மா சாவகாசமாக அவர் முகத்தைப் பார்த்தார்.

"அண்டைக்கு அம்மன் பேசினது. இண்டைக்குக் கேட்டாப் பிசாசு பேசினது எண்டுறாய். நீ எப்படா பேசுவாய்?"

அம்மா அதோடு விடவில்லை. பிசாசு சொல்வது மெய்யா பொய்யா என்று கேட்டார். பிசாசு எப்போதும் பொய்தான் சொல்லும் என்று மாமா உற்சாகமாகச் சொன்னார். அது அவருக்கு நன்றாகப் பாடமான விஷயம்.

"அப்ப அத்தான் வரமாட்டார் எண்டதும் பொய்தானே. அண்டைக்கு அவர் உசிரோட இருந்தவரா?"

தன் பாவத்தைக் கழுவுகிற அவசரத்தில் அந்தத் தண்ணீர் எங்கே போய் விழும் என்று மனிதர் யோசித்திருக்கவில்லை. அம்மன் சொன்னது என்று இருந்தவரை அம்மா விதவை. பிசாசு சொன்னது என்றால், உயிரோடிருந்த புருஷனுக்கு மாலை போட்டுக் கைவிட்டவள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். மாமா தன்னுடையதைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு விறாந்தையில் இறக்கிவைத்துவிட்டு வெறுங்கையோடு போகப் பார்த்தார்.

ஜெபம் செய்துவிட்டு வந்து சொல்வதாகச் சொல்லி எழும்பினார். உட்காரவே இல்லை, ஆனாலும் எழும்புகிற மாதிரித்தான் இருந்தது. படலைவரை போனவரை அம்மா கூப்பிட்டார். தெரிந்ததைச் சொல்ல வேண்டும், ஆனால் இங்கே வேண்டாம் என்றார்.

"சொன்ன இடத்தில வந்து சொல்லு. அந்தச் சனத்துக்கு முன்னால சொல்லு. உன்ட காலால நடந்து வா. அம்மனும் தூக்கிக்கொண்டு வரத் தேவல்ல, கர்த்தரும் தூக்கிக்கொண்டு வரத் தேவல்ல."

கோயிலடிக்குத் தான் வரக்கூடாது, போதகர் விடமாட்டார் என்று மாமா முணுமுணுத்துக்கொண்டு போனார்.

அந்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அன்றைக்கு அப்பா இருந்தாரா, இல்லையா. சோறு இறங்கவில்லை. அப்பாவின் படத்திலிருந்து மாலையைக் கழற்றினார், இரண்டு நாளில் திரும்பப் போட்டார், பிறகும் கழற்றினார். இருந்தவருக்கு மாலை ஆகாது, செத்தவருக்கு மாலை வேண்டும். அறுபதைத் தாண்டிய ஒரு மனுசி படத்துக்கு முன்னால் மாலையோடு நிற்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மாமாவின் மற்றக் கால்விரல்களையும் வெட்ட வேண்டும் போல் இருந்தது.

போதகரை நான் ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் கண்டேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். அவர் நல்ல மனிதராக இருந்து என் கோபத்தைக் கெடுத்துவிட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, தான் யாரையும் தடுக்கவில்லை என்றார். ஒருவனுக்குச் செய்த அநியாயத்தை அவனிடம்தான் போய்ச் சொல்ல வேண்டும், அது கோயிலடியென்றால் கோயிலடிதான், ஆண்டவர் வழியைக் காட்டுவார், நடப்பது அவனவன் கால் என்றார். அப்படியே அதை மாமாவுக்கும் சொல்லியிருக்கிறார். ஆக மாமாவுக்கு மிஞ்சியிருந்த ஒரு சாட்டும் போனது.

இந்த வருஷம் கதவு திறந்தது. மத்தியானப் பூசைக்கு அம்மா போனார். விதவையானதிலிருந்து அவர் கோயில் வீதியின் ஓரத்தில்தான் நிற்பார், அன்றும் அங்கேதான் நின்றார். நானும் கூட நின்றேன். மாமா வரமாட்டார் என்று எனக்கு உறுதி. ஆனால் வந்தார். அதே வெள்ளைச் சட்டை. வேதாகமம் கையில் இல்லை. ஆலமரத்தடியில் தனியாக நின்றார். வெயிலில் முகம் கறுத்து, உதடு அசைந்துகொண்டிருந்தது. சொல்லப் போவதைப் பாடமாக்குகிறார் என்று தெரிந்தது. அந்த நேரம் எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது, பொய் சொல்லக்கூடாது.

உடுக்கு அடிக்கத் தொடங்கியது. மாமா எங்களை நோக்கி நாலு அடி வைத்தார். ஐந்தாவது அடியில் முழங்கால் ஆடியது. தோள் ஆடியது. தலை சுழன்றது. சபையில் கழுவித் துடைத்த உடம்பு, அந்தச் சத்தத்துக்குப் பழைய நாய் மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. சனத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மன் விடவில்லை பார், தன் பிள்ளையைத் திருப்பி எடுத்துக்கொண்டாள் பார் என்று கிழவிகள் கும்பிட்டார்கள். யாரோ ஓடிவந்து வெள்ளைச் சட்டைக்கு மேலே சிவப்புச் சீலையைச் சுற்றினார்கள். வேப்பங்குழை கைக்கு வந்தது. கட்டாடியார் முன்னால் வந்து, வந்திருப்பது யார், பிள்ளைகளுக்கு என்ன வாக்கு என்று கேட்டார்.

அது உண்மையா நடிப்பா என்று என்னிடம் கேட்காதீர்கள். மாமாவுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். சொந்த வாயால் ஒரு வசனம் சொல்ல வேண்டிய நேரத்தில் வாடகைக்கு ஒரு வாய் கிடைத்தால் எந்தக் கோழையும் அதற்குள் ஓடி ஒளிந்துகொள்வான்.

அம்மா வெள்ளைச் சீலையோடு சனத்துக்குள் இறங்கி நடந்தார். விதவை அங்கே நுழையக்கூடாது. விலகு விலகு என்று ஆண்கள் அதட்டினார்கள். அம்மா நிற்கவில்லை. ஆடிக்கொண்டிருந்தவருக்கு முன்னால் போய் நின்று, கும்பிடாமல், சத்தம் போடாமல், சந்தைக்குக் கூட்டிப் போக வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார்.

"தம்பி."

ஆட்டம் நின்றது. உடுக்குக்காரரும் நிறுத்திவிட்டார். மாமா திரும்பினார்.

"என்னக்கா" என்றார்.

அவ்வளவுதான் அம்மன். வேப்பங்குழை கையிலிருந்து விழுந்தது. மாமா சிவப்புச் சீலையோடு அப்படியே மண்ணில் குந்திவிட்டார். பிறகு சொன்னார், பாடமாக்கியது எல்லாம் மறந்து, தட்டுத் தடுமாறிச் சொன்னார்.

"அண்டைக்குச் சொன்னது நான்தானக்கா. அம்மனுமில்ல, பிசாசுமில்ல. காம்பில இருந்து விடுபட்டு வந்த ஒருத்தன் என்னட்ட வந்தவன். அத்தானக் கண்டவனாம். உசிரோட இருக்கிறாராம், வீட்டாக்கள் வந்து கேக்கட்டாம் எண்டான். உங்களுக்குச் சொன்னா நீங்க என்னை இழுத்துக்கொண்டு போவீங்க. போனா நான் திரும்பி வரமாட்டன் எண்டு பயந்திட்டன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அழுவார், அறைவார், காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா குனிந்து, மிகவும் தன்மையாக, குழந்தைப் பிள்ளையிடம் கேட்பதுபோல் கேட்டார்.

"எந்தக் காம்ப்?"

மாமா யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, கண்ணை மூடி, மெய்யாகவே யோசித்தார். பாவத்தை வருஷக்கணக்காக வயிற்றுக்குள் வைத்துக் காப்பாற்றி, சபையில் அழுது, சாட்சி சொல்லி, இவ்வளவு தூரம் நொண்டி நடந்து வந்த மனிதர், கடைசியில் வாயைத் திறந்தார்.

"மறந்து போச்சக்கா."

வந்து சொன்னவனின் பெயர், ஊர், எதுவும் ஞாபகம் இல்லை என்றார். ஞாபகம் வைத்திருக்கக் கூடாது என்றுதான் மறந்ததாகவும் சொன்னார். பிறகு அம்மாவின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மன்னிக்கச் சொல்லி அழுதார். அம்மா காலை விடுவித்துக்கொண்டார்.

"அம்மன் மன்னிப்பா. உன்ட கர்த்தரும் மன்னிப்பார். அவங்களுக்கு ஒண்டும் நட்டமில்லத்தானே."

ஊர் அதற்குள் பேச்சைக் கண்டுபிடித்துவிட்டது. தெய்வம் வந்த உடம்பை விதவை வந்து குழப்பிவிட்டாள், அம்மன் கோபித்து இறங்கிவிட்டது, அதனால்தான் அவனுக்குப் புத்தி பேதலித்து எதையோ உளறுகிறான் என்று முடிவாயிற்று. ஒரு மனிதன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை உண்மை பேசினான். அதை ஊர் விசர்க்கதை என்று தள்ளிவிட்டது. கட்டாடியார் அம்மா நின்ற இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். உடுக்கு திரும்பத் தொடங்கியது. அம்மன் வேறொருவர்மேல் வந்தது.

வீட்டுக்கு வந்து அம்மா கிணற்றடியில் கால் கழுவினார். நான் மாமாவைத் திட்டத் தொடங்கினேன். கோழை, கொலைகாரன், பேர் கேட்டால் மறந்து போச்சென்று சொல்கிற நாய் என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பொய்யன், அம்மனாய் நடிக்கக்கூட ஒழுங்காய்த் தெரியாத பொய்யன், அக்கா என்று உளறினானே, அந்த உடுக்குச் சத்தம் மட்டும் இல்லாதிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருப்பானே என்றும் சொன்னேன். அம்மா வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"எனக்கும் கேட்டது."

நான் நிறுத்தினேன்.

"அக்கா எண்டது எனக்கும் வடிவாக் கேட்டது. அம்மனில்ல எண்டு அந்த இடத்திலயே தெரியும். காம்ப் காம்பா நடந்து எனக்குக் களைச்சுப் போச்சு புள்ள. ஆராவது நில்லு எண்டு சொல்லமாட்டாங்களா எண்டு இரிந்தன். அவன் சொன்னான். நான் நிண்டிட்டன்."

என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அந்த அறை சாமிக்காக விழுந்ததல்ல. ஒரு சின்னப் பிள்ளை வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்ததற்கு விழுந்தது.

"அவன் வந்து என்னட்ட மன்னிப்புக் கேட்டான்" என்றார் அம்மா. "நான் ஆரட்டப் போய்க் கேக்கிற?"

அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே போய், அப்பாவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சீலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். மாலை தரையில் கிடந்தது. அதை எடுத்துப் போடவும் இல்லை, எறியவும் இல்லை.